எந்த வேரியன்ட்டை எடுப்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அண்மையில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எந்தக் கார் நல்லது என்று கேட்கவில்லை. காரை முடிவு செய்துவிட்டவர்கள், அதே காரின் இருபது வேரியன்ட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு வழி கேட்கிறார்கள். மதுரையில் வாகனக் காப்பீட்டுச் சேத மதிப்பீட்டாளராக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில், ஷோரூமில் கண்ணைக் கவர்ந்த வசதிகள் ஒரு விபத்துக்குப் பிறகு என்ன ஆகின்றன என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பள்ளி ஆசிரியையான நான் முதல்முறையாகக் கார் வாங்கப் போகிறேன். ஒரே காருக்கு ஏன் இத்தனை வகைகள்? விலைப்பட்டியலை எங்கிருந்து படிக்கத் தொடங்க வேண்டும்? (திருமங்கலம்)

பதில்: வசதிகளின் அளவை வைத்து ஐந்து வேரியன்ட், மூன்று எஞ்சின், மேனுவல் அல்லது ஆட்டோமேட்டிக் என்று இரண்டு வகைக் கியர் என்றாலே கணக்கு முப்பதைத் தொட்டுவிடும். எல்லாம் எல்லாவற்றோடும் சேராது என்பதால்தான் பட்டியல் இருபதை ஒட்டி நிற்கிறது. இதில் பெயர்களும் சேர்ந்து குழப்புகின்றன. மாருதியின் எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ என்ற வரிசை பழகிய ஒருவர், அதே நிறுவனத்தின் நெக்ஸா ஷோரூமுக்குள் நுழைந்தால் சிக்மா, டெல்டா, ஸீட்டா, ஆல்ஃபா என்று வேறு வரிசையைப் படிக்க வேண்டும். டாடா நெக்ஸானில் ஸ்மார்ட், ப்யூர், கிரியேட்டிவ், ஃபியர்லெஸ். பெயரை வைத்து ஒரு நிறுவனத்தின் நடு வேரியன்ட்டையும் இன்னொன்றின் நடு வேரியன்ட்டையும் ஒப்பிட முடியாது. வசதிகளை ஒவ்வொன்றாக வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

ஒவ்வொரு வசதியையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க நம் நாட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் இடம் தருவதில்லை. ஒவ்வொரு சேர்க்கைக்கும் வயரிங்கையும் உதிரிபாக இருப்பையும் மாற்ற வேண்டியிருப்பதால், பத்துப் பன்னிரண்டு வசதிகளை ஒன்றாகக் கட்டி ஒரு வேரியன்ட்டாகக் கொடுத்துவிடுவது தொழிற்சாலைக்கு எளிது, விற்பனைக்கும் லாபம். நீங்கள் பின் இருக்கைக்கு ஏசி வென்ட் மட்டும் கேட்டால், அதோடு அலாய் வீல், பெரிய தொடுதிரை, இரட்டை வண்ணம் எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கச் சொல்வார்கள். ஒரு முழம் மல்லிகை வாங்கப் போனவரிடம் பந்தாகத்தான் தருவோம் என்று பூ மார்க்கெட்டில் சொன்னால் எப்படியோ, அப்படித்தான் இது.

எனவே பட்டியலைக் கையில் எடுத்ததும், பிறகு பணம் கொடுத்தாலும் சேர்க்க முடியாதவை எவை என்று முதலில் கோடிடுங்கள். ஏர்பேக், வண்டி வழுக்காமல் பிடித்து நிறுத்தும் ஈஎஸ்சி, பின் இருக்கையின் மூன்று பேருக்கும் மும்முனை சீட் பெல்ட்டும் தலைத் தாங்கியும், குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி, எஞ்சின், கியர்பாக்ஸ் ஆகியவை அந்த வகை. சீட் உறை, தரை விரிப்பு, பின்பக்கக் கேமரா, ஸ்பீக்கர் முதலியவற்றை எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் 2019 ஏப்ரல் முதல் எல்லாக் கார்களுக்கும் கட்டாயம். முன் இருக்கைகள் இரண்டுக்கும் ஏர்பேக் 2021 டிசம்பர் 31 முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயம். ஆறு ஏர்பேக் சட்டப்படி கட்டாயமாகவில்லை என்றாலும், பல கார்களில் இப்போது விலை குறைந்த பேஸ் வேரியன்ட்டிலேயே வருகின்றன. அப்படி வரும் கார் ஒன்றும், டாப் வேரியன்ட்டில் மட்டும் ஆறு ஏர்பேக் தரும் கார் ஒன்றும் உங்கள் பட்ஜெட்டுக்குள் இருந்தால், நான் தயங்காமல் முதல் காரையே சொல்வேன். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரத் என்சிஏபி மோதல் சோதனையின் நட்சத்திரத்தை விளம்பரத்தில் பார்த்தால், அந்த மதிப்பெண் எந்த வேரியன்ட்டுகளுக்குப் பொருந்தும் என்பதையும் அதன் அறிக்கையில் பாருங்கள். எல்லா வேரியன்ட்டுக்கும் ஒரே கூடுதான், ஆனால் அதனுள் இருக்கும் பாதுகாப்புச் சாதனங்கள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஷோரூமில் ரூ. 9.90 லட்சம் சொன்ன வேரியன்ட்டைப் பேசி முடித்தேன். இன்னும் 25,000 போட்டால் அடுத்த வேரியன்ட்டே கிடைக்கும் என்கிறார்கள். எடுக்கலாமா? (வில்லாபுரம்)

பதில்: அந்த 25,000 உண்மையில் 25,000 அல்ல. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றப்பட்ட ஆயுட்கால வரியின்படி, ரூ. 5 லட்சம் வரையிலான காருக்கு 12 சதவீதம், 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம் கட்ட வேண்டும். தாண்டிய தொகைக்கு மட்டுமன்றி முழு விலைக்கும் இந்த விகிதம் என்பதைக் கவனியுங்கள். 9,90,000 ரூபாய்க்கு 13 சதவீதம் என்றால் 1,28,700. 10,15,000 ரூபாய்க்கு 18 சதவீதம் என்றால் 1,82,700. வரியில் மட்டும் 54,000 ரூபாய் கூடுகிறது. விலை வித்தியாசத்தையும் சேர்த்தால் 79,000. இதற்கு மேல், விலை 10 லட்சத்தைத் தாண்டியதால் ஒரு சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம், ஆனால் வண்டி எடுக்கும் அன்று கையிலிருந்துதான் போகும். காப்பீட்டுத் தொகையும் விலையை ஒட்டிச் சற்று ஏறும்.

எனவே வேரியன்ட்டுகளை, ஆயுட்கால வரியும் காப்பீடும் சேராத எக்ஸ்-ஷோரூம் விலையில் ஒப்பிடாதீர்கள். இரண்டுக்கும் எல்லாம் சேர்ந்த ஆன்-ரோடு கொட்டேஷனை எழுத்தில் வாங்கி, பக்கத்தில் பக்கமாக வையுங்கள். காப்பீட்டை அந்த ஷோரூமிலேயே எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை என்பதால், காப்பீட்டுத் தொகையையும் வெளியே விசாரித்துவிட்டுச் செல்லுங்கள். எஞ்சினை மாற்ற நினைப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1200 சிசிக்கு மிகாத பெட்ரோல் எஞ்சினும் கொண்ட கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். டீசலுக்கு இந்த எல்லை 1500 சிசி. இரண்டில் ஒன்று மீறினாலும் 40 சதவீதம். ஒரே தோற்றமுள்ள இரண்டு கார்களின் விலை ஏன் இவ்வளவு விலகி நிற்கிறது என்ற கேள்விக்குப் பல நேரங்களில் இதுவே விடை.

கேள்வி: பேஸ் மாடல் எடுத்து, மீதத்தை வெளியே போட்டுக்கொள்ளலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வாரண்டி போய்விடுமா? (உசிலம்பட்டி)

பதில்: எதைப் போடுகிறீர்கள், எப்படிப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சில ஆண்டுகளுக்கு முன், டேஷ்போர்டிலிருந்து புகை வந்ததாகச் சொல்லி நிறுத்தப்பட்ட ஒரு காரைப் பரிசோதிக்கச் சென்றேன். வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள மூடியைக் கழற்றியபோது, கம்பெனி வயரைப் பிளேடால் சுரண்டி, ஸ்டீரியோவுக்கும் கூடுதல் விளக்குக்கும் தனித்தனி வயரை அதில் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தது தெரிந்தது. நம் ஊர் வெயிலில் டேப்பின் பசை உருகி வழிந்து, சுற்று தானாகவே அவிழ்ந்து, செம்புக் கம்பி வெளியே நின்றது. அந்த ஸ்டீரியோவும் விளக்கும் பாலிசியில் குறிப்பிடப்படாததால் அவற்றுக்கு இழப்பீடு இல்லை. வயரிங் செட்டுக்கு வாரண்டி இல்லை என்று நிறுவனம் கைவிரித்தது. சேமித்த பணத்தைவிடச் செலவு அதிகமானதைப் பார்த்து அந்தக் குடும்பம் நின்ற நிலை இன்னும் நினைவில் இருக்கிறது.

ஆகவே, வயரை வெட்டாமல் கப்ளரோடு கப்ளர் (வயர் முனையில் உள்ள இணைப்பான்) சேரும் பொருள்களை மட்டும் போடுங்கள். முடிந்தால் நிறுவனத்தின் சொந்த ஆக்சசரியை, பில்லோடு, வண்டி எடுக்கும்போதே போட்டு, அதன் மதிப்பைப் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். கூடுதல் பிரீமியம் சிறியது. முன்பக்கம் இரும்புக் கம்பி கார்டு போடுவதை அறவே விட்டுவிடுங்கள். மோதலின் விசை ஏர்பேக் சென்சாரைச் சேரும் விதத்தை அது மாற்றிவிடும். தெருவில் போகிறவருக்கும் ஆபத்து. 2017 டிசம்பரிலேயே மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் இதற்கு எதிராக நடவடிக்கை எடுக்க மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

கேள்வி: பிள்ளைகள் சன்ரூஃப் கேட்கிறார்கள். அதற்காக ஒரு வேரியன்ட் மேலே போகலாமா? (மேலூர்)

பதில்: சன்ரூஃபுக்காக மட்டும் என்றால் வேண்டாம். சித்திரையில் மதியம் பன்னிரண்டு மணிக்கு மதுரைச் சாலையில் கண்ணாடிக் கூரையைத் திறந்து போகிறவர்களை நான் பார்த்ததில்லை. திரையை இழுத்து மூடி, ஏசியைக் கூட்டித்தான் போகிறார்கள். திறப்பைச் சுற்றி விழும் மழைநீர் வழிந்து கீழே போக, மூலைகளில் மெல்லிய குழாய்கள் உண்டு. வண்டியை வேப்ப மரத்தடியில் நிறுத்துவது நம் வழக்கம் என்பதால், உதிர்ந்த பூவும் சருகும் அந்தத் துளைகளில் போய் அடைத்துக்கொள்கின்றன. ஐப்பசி மழையில்தான் அது தெரியும்: கூரைத் துணியில் டீக்கறை போல ஒரு வளையம், பிறகு கால் விரிப்பில் ஈரம். வாங்கிவிட்டால், மழைக்காலத்துக்கு முன் சர்வீஸில் அந்தக் குழாய்களைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பிள்ளைகளை எழுந்து நின்று தலையை வெளியே நீட்ட ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். ஒரு திடீர் பிரேக் போதும்.

கேள்வி: மாதம் இருமுறை கொடைக்கானல் போய் வருகிறேன். ஏடிஏஎஸ் (கேமரா, சென்சார் வழியே ஓட்டுநருக்கு உதவும் வசதிகள்) உள்ள டாப் மாடல் தேவையா? (வத்தலக்குண்டு)

பதில்: உங்களுக்கு ஈஎஸ்சியும், ஏற்றத்தில் பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்டும், பின் கண்ணாடிக்கு வைப்பரும், அதில் படியும் பனிப்படலத்தை நீக்கும் டிஃபாகரும் முதல் தேவை. மலைப்பாதையில் மூடுபனி இறங்கும் வேளையில் பின்னால் வரும் பஸ் தெரியாமல் ஓட்டுவது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்கே தெரியும். பின் வைப்பரும் டிஃபாகரும் பல கார்களில் பேஸ் வேரியன்ட்டில் இல்லை, நடு வேரியன்ட்டில் வந்துவிடுகின்றன.

ஏடிஏஎஸ் தொகுப்பில் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதியை நான் மதிக்கிறேன். திண்டுக்கல்லிலிருந்து விருதுநகர் வரை நான்குவழிச் சாலையில் இரவுப் பயணம் அதிகம் செய்பவர்களுக்கு அது உயிர் காக்கும். வண்டி தன் தடத்தை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்ளும் வசதிக்கோ சாலையில் கோடு தெளிவாக இருக்க வேண்டும். மலை வளைவுகளிலும் மாசி வீதிகளிலும் அதனால் பயனில்லை. பெரும்பாலான அமைப்புகள் வாகனம், பாதசாரி, சைக்கிள் ஆகியவற்றை அடையாளம் காணவே வடிவமைக்கப்பட்டவை, ஆடு மாடு குறுக்கே வரும்போது அதை நம்பக் கூடாது. முன் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருப்பதால், கல் பட்டுக் கண்ணாடி மாற்றினால் அதை மறுபடி அளவமைக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி மாற்றும் செலவோடு அது முடியாது.

கேள்வி: புக்கிங்கின்போது புரோஷரில் இருந்த வசதி டெலிவரியில் இல்லை. என்ன செய்வது? (அலங்காநல்லூர்)

பதில்: என் தம்பிக்கு இதே நேர்ந்தது. பின் வைப்பர் உண்டு என்று எண்ணி எடுத்த வேரியன்ட்டில், காத்திருந்த இரண்டு மாதத்தில் நிறுவனம் அதை மேல் வேரியன்ட்டுக்கு நகர்த்திவிட்டது. பொடி எழுத்தில் "முன்னறிவிப்பின்றி மாற்றலாம்" என்று இருந்ததைக் காட்டி டீலர் முடித்துக்கொண்டார். புக்கிங் படிவத்தில் வேரியன்ட்டின் முழுப் பெயரையும், உங்களுக்கு முக்கியமான நான்கு வசதிகளையும் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்பே வண்டியை நேரில் பாருங்கள். உங்கள் பெயரில் பதிவான பிறகு பேரம் பேச இடமில்லை.

கேள்வி: பழைய கார் ஒன்று, டாப் எண்ட் என்கிறார்கள். உண்மை என்று எப்படி அறிவது? (சோழவந்தான்)

பதில்: பின்னால் ஒட்டியுள்ள பேட்ஜை நம்பாதீர்கள், அது கடையில் கிடைக்கும். ஆர்சியிலும் பழைய பாலிசியிலும் எழுதியுள்ள மாடல் பெயரைப் பாருங்கள். பிறகு 17 எழுத்துகள் கொண்ட சேசிஸ் எண்ணை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கொடுத்துக் கேளுங்கள்.

கேள்வி: எழுபது வயது அப்பாவுக்காகத்தான் கார். வசதியாக இருக்கட்டும் என்று டாப் மாடலே எடுக்கலாமா? (பேரையூர்)

பதில்: அவசரப்படாதீர்கள். டாப் வேரியன்ட்டில் பெரும்பாலும் பெரிய வீலும் பக்கவாட்டுச் சுவர் குறைந்த டயரும் வரும். பார்க்க அழகு, ஆனால் குண்டும் குழியுமான சாலையில் குலுக்கல் அதிகம், இடுப்பு வலி உள்ளவருக்கு ஒத்துவராது. லெதரெட் சீட் வெயிலில் நிறுத்திய வண்டியில் சுடும், வேட்டி கட்டியவருக்கு வழுக்கவும் செய்யும். துணி சீட் உள்ள நடு வேரியன்ட்டே அவருக்கு இதமாக இருக்கக்கூடும். அப்பாவை ஷோரூமுக்கு அழைத்துச் செல்லுங்கள். வழுவழுப்பான தரையில் நிற்கும் காட்சி வண்டியில் வேண்டாம், டெஸ்ட் டிரைவ் வண்டியைத் தெருவோரம் நிறுத்தச் சொல்லி, பின் கதவைத் திறந்து மூன்று முறை அவரே ஏறி இறங்கட்டும். கைப்பிடி எட்டுகிறதா, தலை இடிக்கிறதா, கால் தடுக்குகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.