ஜெர்மனியில் ஹலாலும் குர்பானியும்: ஒரு தம்பிக்குப் பதில்

வ அலைக்கும் ஸலாம், தம்பி.

படிக்க ஜெர்மனி வருகிறீர்கள். அறை வாடகை, குளிருக்கு உடுப்பு, பகுதிநேர வேலை என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் "ஹலால் இறைச்சி கிடைக்குமா, பெருநாள் குர்பானிக்கு நாங்களே ஆடு வாங்கி அறுக்கலாமா?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். முன்னவற்றுக்குப் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்தக் கடைசி வரிதான் என்னை உலுக்கிவிட்டது. இதே விஷயத்தில் தெரியாமல் காலை விட்டவன் நான்.

1999 கடைசியில் வந்தேன். அடுத்த மார்ச்சில் ஹஜ்ஜுப் பெருநாள். கூடத் தங்கியிருந்த நால்வர் பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவரிடம் ஆடு பேசியிருந்தார்கள். கொட்டிலுக்குப் பின்னால், பனி உருகிய சேற்றில், ஆட்டின் பின்னங்கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கத்தி மழுங்கல். அறுத்தவருக்குப் பழக்கமே இல்லை, கை நடுங்கியது. ஒரே இழுப்பில் முடியவேண்டியது நான்கைந்து இழுப்பானது. கத்தியைத் தீட்டிக்கொள், பிராணியைச் சிரமப்படுத்தாதே என்பது நபிமொழி. அதை மீறிவிட்டு எந்தக் கடமையை நிறைவேற்றினோம்? பக்கத்து வீட்டு அம்மையார் போலீஸுக்குச் சொல்லிவிட்டார். விசாரணை, அபராதம், அதன்பின் விசா நீட்டிக்கப் போகும்போதெல்லாம் வயிற்றில் ஒரு கலக்கம். அந்த அம்மையார் மீது எனக்கு அன்றும் கோபம் வரவில்லை, இன்றும் இல்லை.

ஆகவே தம்பி, நீங்கள் கத்தியைத் தொடவே வேண்டாம். விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 4அ பிரிவு, ஆடு, மாடு, கோழி எதையும் மயக்காமல், அதாவது முதலில் உணர்விழக்கச் செய்யாமல், அறுக்கக் கூடாது என்கிறது. மீறினால் 25,000 யூரோ வரை அபராதம். வதைத்ததாக நிரூபணமானால் சிறைக்கும் இடமுண்டு. "மத விலக்கு இருக்கிறதே" என்று யாராவது சொல்வார்கள். இருக்கிறது, அதே பிரிவில். ஆனால் அது அறுக்கத் தெரிந்தவர் அதிகாரிகளிடம் முன்கூட்டியே விண்ணப்பித்துப் பெறவேண்டிய சிறப்பு அனுமதி. அதுவும் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி இறைச்சிக்கூடத்துக்குள் மட்டும்தான்.

அந்த விலக்குக்காக நடந்த வழக்கு சாதாரணமானதல்ல. ஹெஸ்ஸன் மாநிலத்தில் கடை வைத்திருந்த துருக்கிக்காரர் ஒருவர் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய், 2002 ஜனவரி 15 அன்று வென்றார். பள்ளிவாசல் தேநீர் அறையில் அந்தச் செய்தி கேட்டுப் பெரியவர்கள் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதே ஆண்டிலேயே விலங்குப் பாதுகாப்பு அரசியல் சாசனத்தின் 20அ பிரிவில் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகும் விலக்கு கொடுக்கலாம் என்று 2006இல் உச்ச நிர்வாக நீதிமன்றம் சொன்னது. சட்டத்தில் உரிமை நிலைத்தது. அனுமதி வாங்குவது மட்டும் இன்றுவரை குதிரைக் கொம்புதான்.

கடை இறைச்சிக்கு வருகிறேன். ஹலால் என்ற சொல்லுக்கு இங்கே சட்டம் வகுத்த ஒரே வரையறை கிடையாது. முத்திரை தரும் அமைப்புகள் பல. ஒன்று மயக்கியதை ஏற்கும், இன்னொன்று கத்தி படுமுன்பே பிராணி செத்துவிடுமோ என்று ஏற்காது. பலகையைப் பார்த்து நம்பாதீர்கள். "எங்கே அறுத்தது, மயக்கி அறுத்ததா?" என்று ஜெர்மன் மொழியில் கேட்கப் பழகுங்கள். நான் முதலில் கற்ற பத்து வாக்கியங்களில் இது ஒன்று, அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் பதிலைக் கேட்டுவிட்டு அடுத்தவர் தட்டைப் பார்த்து ஹராம் என்று சொல்லும் கூட்டத்தில் மட்டும் சேராதீர்கள். இறைச்சிக்கூடத்தை ஒருமுறைகூட எட்டிப் பார்க்காதவர்கள்தான் நம்மவர்களில் அதிகம் தீர்ப்புச் சொல்கிறார்கள்.

வேலை இடத்திலும் இந்தப் பேச்சு வரும். எல்லாம் நம் மீதுள்ள வெறுப்பு என்று பொங்கவும் வேண்டாம், எல்லாம் பிராணி நேசம் என்று நம்பவும் வேண்டாம். 1933 ஏப்ரலில் நாஜிகள் மயக்காத அறுப்பைத் தடை செய்தது யூதர்களைக் குறிவைத்து. சுவிட்சர்லாந்து 1893இலேயே மக்கள் வாக்கெடுப்பில் தடுத்துவிட்டது. அங்கேயும் யூத வெறுப்பு கலந்திருந்தது. கோடிக்கணக்கான பன்றிகள் கொட்டிலுக்குள்ளேயே அடைபட்டு வளர்வதைப் பற்றி வாய் திறக்காதவர் நம் பெருநாளன்று மட்டும் கண்ணீர் விட்டால் எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் உண்மையான அக்கறையோடு கேட்பவர்களும் இருக்கிறார்கள். பெல்ஜியத்தில் பிளாண்டர்ஸ் பகுதி 2019 முதல் தடை செய்தது. லக்சம்பர்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2020இலும், ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2024இலும் அது செல்லும் என்றன. இங்கேயும் விலக்கு என்றைக்கும் இருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

என் மனம் தெளிந்தது 2004இல். எங்கள் இமாமை ஒரு கால்நடை மருத்துவர் இறைச்சிக்கூடத்துக்கு அழைத்திருந்தார், நானும் மொழிபெயர்க்கப் போனேன். இடுக்கி போன்ற கருவியை ஓர் ஆட்டின் தலையில் வைத்து மின்சாரம் பாய்ச்சினார். ஆட்டுக்குக் குறைந்தது ஒரு ஆம்பியர் வேண்டும் என்றார். ஆடு விறைத்துச் சாய்ந்தது. அவர் அறுக்க விடவில்லை, பொறுங்கள் என்றார். கால்கள் உதைத்தன, மூச்சு சீரானது. பிறகு தலையைத் தூக்கி, தள்ளாடி எழுந்து, போய் வைக்கோலை முகர்ந்தது. இமாம் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "உயிரோடுதான் இருக்கிறது" என்றார். மொழிபெயர்க்க எனக்குக் குரல் வரவில்லை. கொட்டிலுக்குப் பின்னால் பிடித்திருந்த அந்தக் கால்கள் கைக்குள் துடித்தன.

மயக்கி அறுத்த ஆட்டிறைச்சியை அன்றிலிருந்து சாப்பிடுகிறேன். மாட்டுக்கு மண்டையைத் துளைக்கும் ஆணித் துப்பாக்கி என்பதால் அதை மட்டும் தொடுவதில்லை. உங்கள் முடிவை நீங்கள் எடுங்கள். குர்பானிக்குப் பள்ளிவாசல் வழியாக ஒரு மாதம் முன்பே பெயர் கொடுத்துவிடுங்கள். அறுக்கும்போது பக்கத்தில் நின்று பிஸ்மில்லாஹ் சொல்ல வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு இரண்டு முறை அனுமதித்தார்கள்.