மகளை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்

அம்மா, வணக்கம்.

“நாள் முழுக்க செல்போனைப் பார்ப்பதற்கு டாக்டர் பட்டமா?” என்று எழுதியிருந்தீர்கள். சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். ஆனால் அதற்கு அடியில் இருக்கிற பயம் புரிகிறது. முதுகலை முடித்த பெண் இன்னும் நாலைந்து வருடம் ஆய்வு செய்யப்போகிறேன் என்கிறாள். துறையின் பெயரோ டிஜிட்டல் ஊடகம், தொடர்பியல், சமூகம் என்று நீள்கிறது. முடித்தால் என்ன வேலை என்று யாரைக் கேட்டாலும் தெளிவான பதில் வராது.

இது நேற்று முளைத்த படிப்பு இல்லை. 1968ல் அமெரிக்க அதிபர் தேர்தல் நேரத்தில் மேக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸ், டொனால்ட் ஷா என்ற இருவர், யாருக்கு வாக்களிப்பது என்று இன்னும் முடிவெடுக்காத 100 பேரிடம் போய், இப்போது முக்கியமான பிரச்சினைகள் எவை என்று கேட்டார்கள். அந்த நாட்களில் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் எதற்கு எவ்வளவு இடம் கொடுத்தன என்பதையும் கணக்கெடுத்தார்கள். இரண்டு வரிசையும் பெரும்பாலும் ஒத்துப்போயின. என்ன முடிவெடுப்பது என்பதை ஊடகம் சொல்லித்தருகிறதோ இல்லையோ, எதைப் பற்றி யோசிப்பது என்பதை அது தீர்மானிக்கிறது என்ற கருத்துக்கு இது அடித்தளம் ஆனது. 1972ல் அந்தக் கட்டுரை வந்தபோது யார் கையிலும் செல்போன் கிடையாது. ஆனாலும், இன்று ஆசிரியர் குழுவுக்குப் பதில் ஓர் அல்காரிதம், அதாவது கணினிக்குக் கொடுத்த விதிமுறை, செய்தியை வரிசைப்படுத்தும்போது என்ன ஆகிறது என்று ஆராய்கிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் மகள் அனுப்பிய குறிப்பில் கேள்வி இல்லை, ஒரு செயலியின் பெயர்தான் இருக்கிறது. “இன்ஸ்டாகிராமும் இளைஞர்களும்” என்பது தலைப்பு, ஆய்வு இல்லை.

செயலியை நம்பி ஆய்வு கட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதை இந்தத் துறை சமீபத்தில்தான் அடிபட்டுத் தெரிந்துகொண்டது. 2021ல் ட்விட்டர் ஆய்வாளர்களுக்கென்று தனி வழி திறந்தது. மாதம் ஒரு கோடி ட்வீட் வரை இலவசமாக எடுக்கலாம். எத்தனையோ பேர் அதை நம்பி ஆய்வைத் திட்டமிட்டார்கள். 2023ல் நிறுவனம் கைமாறியிருந்த நிலையில் அந்த இலவச வழி அடைபட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மெட்டா நிறுவனம் க்ரவுட்டேங்கிள் என்ற கருவியை மூடியது. ஃபேஸ்புக்கில் எது பரவுகிறது என்று பார்க்கப் பத்திரிகையாளர்களும் ஆய்வாளர்களும் அதைத்தான் நம்பியிருந்தார்கள். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவர், ட்விட்டர் வழி அடைபட்டபோது இரண்டாம் ஆண்டில் இருந்தார். நல்லவேளை, அவருடைய கேள்வி வதந்தியைப் பற்றியது, ட்விட்டரைப் பற்றியது இல்லை. நேர்காணல்களுக்கு மாறிக்கொண்டார். ஒரு வருடம் போனது, ஆய்வு போகவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், பெரிய தளங்களிடம் தரவு கேட்க ஆய்வாளர்களுக்கு வழி செய்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அதை மட்டுமே நம்பி இறங்கச் சொல்ல மாட்டேன்.

சரி, மகள் என்ன செய்யலாம்? எந்தச் செயலியின் பெயரும் வராமல் தன் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்க்கட்டும். உதாரணத்துக்கு: “தன் பதிவுக்கு எத்தனை பேர் ‘லைக்’ போட்டார்கள் என்ற எண் எல்லோர் கண்ணிலும் படும்போது, ஒருவர் தன் கருத்தை எப்படி மாற்றிச் சொல்கிறார்?” இன்ஸ்டாகிராம் 2021ல் அந்த எண்ணை மறைத்துக்கொள்ளும் வசதி கொடுத்தது. மறைத்தவர்களையும் மறைக்காதவர்களையும் ஒப்பிட்டுத் தொடங்கலாம். நாளைக்கு இன்ஸ்டாகிராமே இல்லாமல் போனாலும் கேள்வி அப்படியே நிற்கும். அப்புறம், எந்த ஆதாரம் கிடைத்தால் தன் ஊகம் தவறு என்று ஒப்புக்கொள்வாள் என்பதையும் எழுதட்டும். பலரும் திணறுவது இந்த இடத்தில்தான்.

நெறிமுறை என்றால் கையெழுத்து வாங்கும் படிவம் என்று அவள் நினைத்தால், 2014ல் வெளியான ஃபேஸ்புக் சோதனையைப் படிக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய 6,89,000 பேரின் பக்கத்தில் வரும் பதிவுகளை, தனியாக அவர்களிடம் கேட்காமலே, மகிழ்ச்சியானது குறைவாகவோ சோகமானது குறைவாகவோ மாற்றிப் பார்த்தார்கள். கிளம்பிய கண்டனம் இன்னும் வகுப்பறைகளில் பேசப்படுகிறது. பொதுவெளியில் கிடக்கிற பதிவு என்பதாலேயே அதை எடுத்து மேற்கோள் காட்டிவிட முடியாது. தேடினால் எழுதியவர் அகப்பட்டுவிடுவார்.

இனி நீங்கள் கேட்ட வேலை விஷயம். பல்கலைக்கழக ஆசிரியர் பணியிடம் குறைவு, போட்டி அதிகம். வெளியே பயனர் ஆய்வு, செய்தி நிறுவனங்களில் வாசகர் ஆய்வு, இணையக் கொள்கை, பொய்ச்செய்தி கண்காணிப்பு என்று வேலைகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு முனைவர் பட்டம் கட்டாயம் இல்லை. 2022, 2023ல் பெரிய நிறுவனங்கள் இப்படிப்பட்ட குழுக்களிலும் ஆட்களைக் குறைத்தன. ஆகவே வேலை மட்டும்தான் நோக்கம் என்றால் இது சுற்றுவழி. புள்ளியியலும் கொஞ்சம் நிரலாக்கமும் நேர்காணல் எடுக்கும் பழக்கமும் இருந்தால் முதுகலையோடே போகலாம். கேள்வி தூங்கவிடவில்லை என்றால்தான் முனைவர் பட்டம்.

பணத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். உதவித்தொகை இல்லாமல் சேரச் சொல்ல மாட்டேன், கடன் வாங்கிச் சேர்வதை நினைக்கவே வேண்டாம். நெதர்லாந்திலும் ஸ்வீடனிலும் ஆய்வு மாணவர் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியர். அமெரிக்காவில் முதல் இரண்டு வருடம் பாடவகுப்பு, மொத்தம் ஐந்துக்கு மேல் போகும். பிரிட்டனில் மூன்று, நான்கு.

ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளரைத் தேர்வு செய்யும்போது அவர் எழுதிய கட்டுரைகளை மட்டும் பார்த்தால் போதாது. அவரிடம் ஆய்வு முடித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், பாதியில் விட்டவர்கள் ஏன் விட்டார்கள் என்று மாணவர்களிடமே கேட்க வேண்டும். எந்தத் துறையில் பதிவு செய்கிறாள் என்பதும் முக்கியம். ஒரே கேள்வியைத் தொடர்பியலிலும் செய்யலாம், சமூகவியலிலும் செய்யலாம். பின்னாளில் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தத் துறைப் பெயரைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

நீங்கள் அவளிடம் “இதுக்கு வேலை கிடைக்குமா” என்று இன்னொரு முறை கேட்க வேண்டாம், கேட்டுக் கேட்டு அவளுக்குப் பழகியிருக்கும். அந்த ஒரு வாக்கியத்தையும், தான் தவறு என்று எப்போது ஒப்புக்கொள்வாள் என்பதையும் ஒரே பக்கத்தில் எழுதி உங்களிடம் படித்துக்காட்டச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரியும்படி இருந்தால் எனக்கு அனுப்பிவையுங்கள். எந்த நெறியாளருக்கு எழுதலாம் என்று அதன்பிறகு உட்கார்ந்து பார்ப்போம்.