நியூயார்க்கில் கன்ட்ரி இசை வானொலி ஏன் நிலைப்பதில்லை?

கேள்வி: அமெரிக்கா முழுவதும் கன்ட்ரி (அமெரிக்கக் கிராமப்புற மரபில் வந்த) இசை வானொலிகள் நன்றாக நடக்கின்றன. நியூயார்க்கில் மட்டும் ஏன் திரும்பத் திரும்பத் தொடங்கி மூடுகிறார்கள்? அங்கே கேட்க ஆளில்லையா?

ஆள் உண்டு. நானே அவர்களில் ஒருவன். 2013 ஜனவரியில் 94.7 பண்பலை ‘நாஷ் எஃப்.எம்.’ என்ற பெயரில் தொடங்கியது முதல் 2021 அக்டோபரில் ஹிப்-ஹாப்புக்கு மாறியது வரை, நியூஜெர்சியில் எடிசனிலிருந்து நெவார்க் வரையிலான என் தினசரிப் பயணத்தில் கார் வானொலி அங்கேதான் நின்றிருக்கும். அப்பாவின் பழைய வண்டி, விற்றுவிட்ட நிலம், விட்டுவந்த ஊர் என்று பாடும் பாட்டு, தஞ்சைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவனுக்கு அந்நியமாகப் படவில்லை. அதனால் இந்தக் கேள்விக்கு நடுநிலையாளனாக என்னால் பதில் சொல்ல முடியாது. இழந்தவனாகத்தான் சொல்கிறேன்.

முதலில் ஒரு பழைய கணக்கைப் பாருங்கள். 1973-இல் 1050 ஏ.எம். அலைவரிசையில் டபிள்யூ.எச்.என். கன்ட்ரிக்கு மாறியது, 50,000 வாட் நிலையம், பதினான்கு ஆண்டுகள் ஓடியது. 1987 ஜூலை 1 அன்று அதே இடத்தில் டபிள்யூ.எஃப்.ஏ.என். பிறந்தது. நாள் முழுக்க விளையாட்டு மட்டுமே பேசிய முதல் வானொலி அது, இன்றைக்கும் பெரிய பெயர். இடையில் 106.7-இல் இன்னொரு கன்ட்ரி நிலையம் தொடங்கி, 1984-இல் மென்மையான பாடல்களுக்கு மாறியது. அதுதான் பிற்பாடு நகரத்தின் முதலிடத்தில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்த ‘லைட் எஃப்.எம்.’ டபிள்யூ.எச்.என். போனதும் 97.1-இல் டபிள்யூ.ஒய்.என்.ஒய். கன்ட்ரியைக் கையில் எடுத்தது. அடுத்த ஆண்டே நடந்த அலைவரிசை மாற்றத்தில் அது 103.5-க்குப் போக, 97.1 பின்னாளில் ஹிப்-ஹாப்புக்குப் பேர்போன ‘ஹாட் 97’ ஆனது. 1996 பிப்ரவரியில் 103.5-உம் நடன இசைக்கு மாறி டபிள்யூ.கே.டி.யூ. ஆயிற்று. மாறிய வேகத்திலேயே முதலிடத்துக்கும் வந்துவிட்டது.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் விடை பாதி தெரிந்துவிடும். கன்ட்ரி காலி செய்த இடத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் எல்லாரும் பெரும் வெற்றி பெற்றார்கள். நிலைய உரிமையாளரின் மனத்தில் இந்த நினைவு ஒருநாளும் அழியாது. “இது நட்டத்தில் ஓடுகிறதா?” என்று அவர் கேட்பதில்லை. “இதே அலைவரிசையில் வேறொன்றைப் போட்டால் எவ்வளவு வரும்?” என்றுதான் கேட்கிறார். நல்ல நெல் விளையும் வயலுக்குப் பக்கத்தில் மனைப்பிரிவு வந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

நேயர் கணக்கில் இரண்டு எண்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாரத்தில் ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது ஒன்று. ஒரு நேரத்தில் வானொலி கேட்டுக்கொண்டிருக்கும் நூறு பேரில் எத்தனை பேர் உங்களிடம் இருக்கிறார்கள் என்பது மற்றொன்று. அதைப் பங்கு என்பார்கள். டபிள்யூ.ஒய்.என்.ஒய். தன் உச்சத்தில் வாரத்துக்குப் பத்து லட்சம் நேயர்களை எட்டியது. நாட்டிலேயே அதிகம் பேர் கேட்ட கன்ட்ரி நிலையம் என்று அதைச் சொன்னார்கள். ஆனால் நியூயார்க் வானொலிச் சந்தையில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேல். அந்தக் கடலில் பத்து லட்சம் கரைந்துவிடும். 94.7-இன் பங்கும் பெரும்பாலும் ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில்தான் ஊசலாடியது. சிறிய ஊரில் இத்தனை நேயர்கள் இருந்திருந்தால் அந்த நிலையம் ராஜாவாக இருந்திருக்கும்.

அளக்கும் முறையும் இடையில் மாறிவிட்டது. முன்பு ஆர்பிட்ரான் நிறுவனம் வீடுகளுக்குக் குறிப்பேடு அனுப்பும். என்ன கேட்டோம் என்று மக்களே எழுதுவார்கள். தங்கள் நிலையத்தை நேசிப்பவர்கள் தாராளமாக எழுதுவார்கள், கன்ட்ரி நேயர்கள் அப்படிப்பட்டவர்கள். 2008-இல் நியூயார்க்கில், தேர்ந்தெடுத்த சில நேயர்கள் உடன் வைத்திருக்கும் கையடக்கக் கருவி வந்தது. அப்போது பேஜர் அளவு இருந்தது. நிலையங்கள் தங்கள் ஒலிக்குள் காதுக்குக் கேட்காத ஒரு குறியீட்டைப் பதித்து அனுப்புகின்றன, நேயரிடம் உள்ள கருவி அதைப் பிடித்துக்கொள்கிறது. இதற்கு அன்பும் விசுவாசமும் தெரியாது. பல் மருத்துவர் வரவேற்பறையில் யாரும் கவனிக்காமல் ஒலித்த மென்மையான பாட்டும் கணக்கில் சேரும். கன்ட்ரியை நியூயார்க்கில் எந்தக் கடையிலும் பொதுவாக ஒலிக்கவிட மாட்டார்கள். அது காரில் தனியாக இருப்பவனின் இசை. இத்தனை பெரிய நகரத்துக்குச் சில ஆயிரம் பேரிடம்தான் கருவி இருக்கிறது. ஸ்டேட்டன் தீவில் கருவி வைத்திருக்கும் ஒரு கன்ட்ரிக் குடும்பம் இரண்டு வாரம் ஊருக்குப் போனால்கூடச் சிறிய நிலையத்தின் எண் ஆடிப்போகும்.

இனி, பாட்டுத் தேர்வு. கால் மணி நேரத்தில் ஐந்து நிமிடம் கேட்டால் அந்தக் கால் மணி முழுதும் நிலையத்தின் கணக்கில் சேரும் என்பது நெடுநாள் விதி. 2025 தொடக்கத்தில் அதை மூன்று நிமிடமாகக் குறைத்துவிட்டார்கள். இந்தக் கால் மணிக் கணக்கால்தான் விளம்பரங்களைக் கால் மணிக் கோட்டின் இருபுறமும் படரும்படி வைப்பார்கள். கோட்டுக்கு முன்னும் பின்னும் தேவையான நிமிடங்கள் பாட்டுக்குக் கிடைத்துவிடும். தெரியாத பாட்டு வந்தால் நேயர் விரலை நீட்டுவார் என்ற பயம் எப்போதும் உண்டு. நியூயார்க்கில் அந்தப் பயம் இரட்டிப்பு, ஏனென்றால் அங்கே இரண்டு வகை நேயர்கள். பிரபலமான இருபது பாட்டை மட்டும் அறிந்து அவ்வப்போது வந்துபோகிறவர்கள் ஒரு பக்கம். பழைய பாடகர்களையும் புதியவர்களின் இரண்டாம் வரிசைப் பாடல்களையும் எதிர்பார்க்கும் என்னைப் போன்ற பித்தர்கள் மறுபக்கம். அவர்களுக்காகப் பாட்டுப் பட்டியலைச் சுருக்கினால் ஒரே பாட்டை ஒரே நாளில் நாலு தடவை கேட்டு நாங்கள் சலித்துப்போவோம். எங்களுக்காக விரித்தால் அவர்கள் அடுத்த அலைவரிசைக்குத் தாவிவிடுவார்கள். எண்ணிக்கையில் அவர்கள் அதிகம், நேரத்தில் நாங்கள் அதிகம். இந்த முடிச்சை யாரும் சரியாக அவிழ்த்து நான் பார்த்ததில்லை.

காலை நிகழ்ச்சிதான் எனக்குப் பெரிய வருத்தம். உரிமையாளரான கியூமுலஸ் ‘நாஷ்’ என்பதை நாடு தழுவிய முத்திரையாக வளர்க்க விரும்பியது, பத்திரிகைகூட அந்தப் பெயரில் வந்தது. பல ஊர்களுக்கும் பொதுவான காலை நிகழ்ச்சி, கன்ட்ரியின் தலைநகரான நாஷ்வில்லிலிருந்து வந்தது. பேசியவர்கள் திறமைசாலிகள், அதில் குறையே இல்லை. ஆனால் காலை ஏழரைக்கு லிங்கன் சுரங்கப்பாதை வாயிலில் நகராமல் நிற்கிறவனுக்கு, தன்னோடு அதே நெரிசலில் மாட்டிக்கொண்ட ஒரு குரல் வேண்டும். நகரத்தில் வேரில்லாத இசையை நகரத்தில் இல்லாத குரல் கொண்டு விற்க முயன்றார்கள் என்றே எனக்குத் தோன்றியது.

அலைவரிசையும் முழுதாகக் கைகொடுக்கவில்லை. 94.7 அதற்கு முன் ஃபேமிலி ரேடியோ என்ற கிறிஸ்தவ அமைப்பிடம் இருந்தது. 2011 மே மாதம் தீர்ப்பு நாள் வரும் என்று உலகெங்கும் விளம்பரம் செய்த ஹெரால்டு கேம்பிங்கின் அமைப்பேதான். அதன் ஒலிபரப்புக் கோபுரம் நியூஜெர்சியின் வெஸ்ட் ஆரஞ்சில் இருந்தது. எங்களுக்கு மணிமணியாகக் கேட்கும். லாங் ஐலண்டின் கிழக்கே போகப் போகத் தேயும். கன்ட்ரிக்கு ஆள் அதிகமாக இருப்பதோ அந்தப் பக்கம்.

கியூமுலஸ் 2017 நவம்பரில் திவால் பாதுகாப்பு கோரியது. 2019-இல் 94.7-ஐயும் மாசசூசெட்ஸின் இரண்டு நிலையங்களையும் என்டர்காம் என்ற வானொலி நிறுவனத்திடம் கொடுத்து, பதிலுக்கு இண்டியானாபோலிஸில் மூன்று நிலையங்களை வாங்கிக்கொண்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று, எங்கள் நிலையத்தின் நாட்கள் எண்ணப்படுகின்றன என்று எனக்குத் தோன்றியது. புதியவர்கள் உள்ளூர்க் குரலைக் காலைக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள், அதற்கு நன்றி. ஆனாலும் மூன்று ஆண்டுக்குள் முடிந்தது.

ஆளில்லை என்று சொல்பவர்களுக்கு 1997 ஆகஸ்டை நினைவூட்ட விரும்புகிறேன். அப்போது நகருக்குள் முழுவீச்சில் கேட்கும் கன்ட்ரி நிலையம் ஒன்றும் இல்லை. சென்ட்ரல் பார்க்கில் கன்ட்ரிப் பாடகர் கார்த் புரூக்ஸ் பாடினார். தீயணைப்புத் துறை 9,80,000 பேர் என்று மதிப்பிட்டது. குறைத்துச் சொன்னவர்களும் உண்டு. கால்வாசி என்றே வையுங்கள், அதுவும் சின்னக் கூட்டமா?

லாஸ் ஏஞ்சலஸின் கதை எனக்குக் கொஞ்சம் தெம்பு தருகிறது. 2006 ஆகஸ்டில் அங்கே 93.9-இல் இருந்த கே.இசட்.எல்.ஏ. என்ற கன்ட்ரி நிலையம் இதேபோல் மாற்றப்பட்டது. ஆறே மாதத்தில், 105.1-ஐ 1959 முதல் தன் கையில் வைத்திருந்த சால் லெவின் என்ற தனி உரிமையாளர் அதைக் கன்ட்ரிக்கு மாற்றினார். அவருடைய பங்கும் சிறியதுதான். ஆனால் கடன்காரர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டிய நிலையில் அவர் இல்லை. சிறிய பங்கோடு நிதானமாக வாழ அவரால் முடிந்தது. நியூயார்க்கில் அப்படி ஓர் உரிமையாளர் கன்ட்ரிக்கு வாய்க்கவில்லை.

இப்போது கைப்பேசியில்தான் கேட்கிறேன். வேண்டிய பாட்டெல்லாம் வருகிறது, நான் ஏங்கிய பழைய பாடல்களும் வருகின்றன. கார்டன் ஸ்டேட் பார்க்வேயில் விபத்து, இன்று சுற்றிப் போங்கள் என்று மட்டும் அதில் யாரும் சொல்வதில்லை.