சுசுகி யார் கையில்?

கேள்வி: அண்ணா, சுசுகியின் பலேனோ காரே டொயோட்டாவில் கிளான்சா என்ற பெயரில் வருகிறது. அப்படியானால் சுசுகியை டொயோட்டா வாங்கிவிட்டதா?

பதில்: இல்லை தம்பி. 2019-ல் டொயோட்டா எடுப்பதாக அறிவித்தது 4.94 சதவீதப் பங்குதான். சுசுகியும் டொயோட்டாவில் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. கார்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள், நிர்வாகம் தனித்தனி.

கேள்வி: முதலில் தறி செய்தார்களாமே, சார்?

பதில்: ஆமாம். 1909-ல் ஜப்பானின் ஹமாமட்சுவில் மிச்சியோ சுசுகி தறிப் பட்டறை தொடங்கினார். அவருடைய மருமகன் ஷுன்சோ ஒருநாள் மீன்பிடித்துவிட்டு எதிர்காற்றில் சைக்கிள் மிதித்துத் திரும்பும்போது, இதில் ஒரு எஞ்சின் இருந்தால் என்ன என்று யோசித்தாராம். 1952-ல் வந்தது 36 சிசி ‘பவர் ஃப்ரீ’. காலால் மட்டும் மிதிக்கலாம், எஞ்சினில் மட்டும் ஓட்டலாம், இரண்டையும் சேர்த்தும் போகலாம். எனக்கு மிகவும் பிடித்த வண்டி இது. 1955-ல் சுசுலைட் கார்.

கேள்வி: சுசுகி கம்பெனி ஏன் மருமகன்கள் கைக்கே போகிறது?

பதில்: மருமகனைத் தத்தெடுப்பது ஜப்பானில் பழைய வழக்கம். நம்மூர் வீட்டோடு மாப்பிள்ளையைவிட ஒரு படி மேலே, குடும்பப் பெயரையே மாற்றிக்கொள்வார். ஒசாமு சுசுகியும் அப்படி வந்த மருமகன்தான், பிறந்த குடும்பப் பெயர் மட்சுதா. வங்கியில் இருந்தவர், 1978-ல் தலைவரானார். 2024 டிசம்பரில் 94 வயதில் மறைந்தார். இப்போது மகன் தோஷிஹிரோ. ஆனால் குடும்பத்தின் செல்வாக்கு பதவியில்தான். பங்குகள் டோக்கியோ சந்தையில் பலர் கையில் இருக்கின்றன.

கேள்வி: ஃபோக்ஸ்வாகனோடு என்ன சண்டை?

பதில்: 2009 இறுதியில் ஒப்பந்தம் போட்டு, ஃபோக்ஸ்வாகன் 19.9 சதவீதம் வாங்கியது. சமமான கூட்டாளி என்று சுசுகி நினைத்திருக்க, சுசுகியின் நிர்வாகத்தில் தாங்கள் செல்வாக்குச் செலுத்த முடியும் என்று ஃபோக்ஸ்வாகன் ஆண்டறிக்கையில் எழுதியது. ஒசாமுவுக்கு அது பொறுக்கவில்லை. சுசுகி ஃபியட்டிடம் டீசல் எஞ்சின் வாங்கியது ஒப்பந்த மீறல் என்று அவர்களும் கோபித்தார்கள். நான்கு வருடம் நடுவர் மன்றத்தில் இழுத்து, 2015-ல் சுசுகி அத்தனை பங்கையும் திரும்ப வாங்கியது. செலவு சுமார் 46,000 கோடி யென். அவ்வளவு கொடுத்து விலகியது சரியான முடிவு என்றே சொல்வேன். வேறொருவர் பிடியில் இருந்திருந்தால் சின்ன கார்மீது இத்தனை பிடிவாதம் தாங்கியிருக்காது.

கேள்வி: அப்போ மாருதி இந்தியக் கம்பெனி இல்லையா?

பதில்: 1982-ல் சுசுகிக்கு 26 சதவீதம்தான், மீதி அரசிடம். 2002-ல் பெரும்பான்மை சுசுகிக்குப் போனது, 2007-ல் அரசு கடைசிப் பங்கையும் விற்றது. இப்போது சுசுகியிடம் சுமார் 58 சதவீதம். மிச்சம் சந்தையில் இருக்கிறது, நீங்களும் வாங்கலாம்.