ஸ்டாட்ஸ் பயத்துல குவாலிடேட்டிவ் பக்கம் வராதீங்க

எம்.எட். தீசிஸுக்கு குவாலிடேட்டிவ், அதாவது எண்ணிக்கைய விட்டு ஆளுங்க பேச்சையும் அனுபவத்தையும் வெச்சுப் பண்ற ஆய்வு, எடுக்கலாமான்னு கேட்டிருக்கீங்கமா, தாராளமா எடுங்க, ஆனா கணக்கு இல்ல அதனால ஈஸின்னு மட்டும் நெனச்சுடாதீங்க, இதுல வேலை ஜாஸ்தி. ஏற்காட்டு மலைக் கிராமத்துப் பசங்க பத்தாவதோட ஏன் நின்னுடறாங்கன்னு பாக்கணும்ங்கறீங்க. எத்தன பேர் நின்னாங்கன்னா சர்வே போதும். ஏன்னு தெரியணும்னா அந்தப் பையன்கூட உக்காந்து பேசணும், அவங்க அம்மா காப்பித் தோட்டத்துல வேல முடிஞ்சு வர்ற நேரம் பாத்து நீங்க போகணும்.

"ஏன்டா படிப்ப விட்ட"ன்னு நேரா கேட்டா குத்தம் சொல்ற மாதிரி ஆயிடும், வாயே தொறக்க மாட்டான். கடைசியா ஸ்கூலுக்குப் போன அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு கேளுங்க, தானா வரும்.

பேட்டிய அனுமதி வாங்கி ரெக்கார்ட் பண்ணி நீங்களே உக்காந்து டைப் பண்ணுங்க, ஆள் வெச்சு பண்ணாதீங்க, ஒரு மணி நேரப் பேச்சுக்கு நாலு அஞ்சு மணி நேரம் ஆகும், ஆனா பாதி அனாலிசிஸ் அங்கயே நடந்துடும். அவன் பேசின தமிழ்லயே கோடிங் பண்ணுங்க, அதாவது ஒவ்வொரு பகுதியும் எதப் பத்தினதுன்னு பக்கத்துல சின்னதா ஒரு பேர் போடுங்க, தீசிஸ் இங்கிலீஷ்லன்னா மேற்கோள் காட்டற வரிய மட்டும் கடைசில மாத்திக்கலாம். அதுக்கு என்விவோ சாஃப்ட்வேர காசு குடுத்து வாங்க வேணாம், டாகெட்னு ஒண்ணு ஃப்ரீயா இருக்கு, பிரிண்ட் எடுத்து கலர் பேனால கோடு போட்டாலும் போதும்.

நெறைய பேர் சறுக்கற இடம் தீம், அதாவது பேட்டிகள்லேர்ந்து நாம எடுக்கற மையக் கருத்து. தீம் எடுக்கறதுக்கு பிரான், கிளார்க்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2006ல எழுதின ஆறு கட்டத்த எல்லாரும் தீசிஸ்ல போடறாங்க, ஆனா முடிவுல "போக்குவரத்து", "பொருளாதாரம்"னு எழுதி வெச்சுடறாங்க, அது வெறும் தலைப்புமா. பஸ்ஸ விட்டா அன்னிக்கு லீவு, லீவு சேந்தா சார் முன்னாடி நிக்க வெக்கம், வெக்கத்துல அப்படியே நின்னுடறான், இப்படி ஒரு விஷயத்த சொன்னாதான் தீம்.

பசங்க 18க்கு கீழ, அதனால பெத்தவங்க சம்மதமும் வேணும், அந்தப் பையனோட சம்மதமும் வேணும். சின்ன ஊர்ல பேர மட்டும் மாத்தினா பத்தாது, "மூணு அக்காவோட ஒரே தம்பி"ன்னு எழுதினாலே யாருன்னு தெரிஞ்சுடும். ஸ்கூலுக்குள்ள போகணும்னா கல்வித் துறை அனுமதிக்கு இப்பவே எழுதிப் போடுங்க, லேட்டாகும்.

அப்பா வேலை கிடைக்குமான்னு கவலப்படறாருன்னீங்க. லெக்சரர் தகுதித் தேர்வான நெட்டோட எஜுகேஷன் சிலபஸ்லயே கிரவுண்டட் தியரி, கேஸ் ஸ்டடி, எத்னோகிராஃபின்னு குவாலிடேட்டிவ் முறைங்க எல்லாம் இருக்கு, அதனால இந்தப் படிப்பு லெக்சரர் வேலைக்கும் ஆகும், கல்வித் தொண்டு நிறுவனங்கள்ல ஃபீல்டு ரிசர்ச் வேலைக்கும் ஆகும்னு அவர்ட்ட சொல்லுங்க.

மொதல்ல தெரிஞ்ச ஒருத்தர்ட்ட ஒரு பேட்டி எடுத்து டைப் பண்ணி எடுத்துட்டு வாங்க, கேள்விய எங்க மாத்தணும்னு சேந்து பாக்கலாம்.