சிட்டுக்குருவிகளோடு வந்து உட்காரும் நீலப் பறவை: பிடிக்கலாமா, விட்டுவிடலாமா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்கள் மொட்டை மாடியில் இரண்டு வருடமாகச் சிட்டுக்குருவிகளுக்குக் கம்பும் தண்ணீரும் வைக்கிறேன். நான்கு நாட்களாக அவற்றோடு நீல நிற லவ் பேர்ட்ஸ் ஒன்று வந்து சாப்பிடுகிறது. முகம் வெள்ளை, மூக்கு நல்ல நீலம். பக்கத்தில் போனால் பறந்துவிடுகிறது. நேற்று இரண்டு காகங்கள் துரத்தின. பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்கிறாள் மகள். தப்பித்து வந்ததை மறுபடியும் கூண்டில் அடைப்பது பாவம் என்கிறார் மாமியார். என்ன செய்யட்டும்?"

பிடித்துவிடுங்கள். ஆனால் இன்றைக்கே பிடிக்க ஓட வேண்டாம். முதலில் இரண்டு நாள் உட்கார்ந்து பாருங்கள். தப்பித்த பறவையைத் துரத்திப் பிடித்தவர்களைவிட, அதன் நேரத்தையும் இடத்தையும் பார்த்து வைத்துக்கொண்டு பிடித்தவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

உங்கள் மாமியார் சொல்வதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில் பெரிய நியாயம் இருக்கிறது. வந்திருப்பது பச்சைக்கிளியாகவோ மைனாவாகவோ இருந்தால் நானும் அவர் பக்கம்தான் நிற்பேன். ஆனால் இது பட்ஜி. நம் ஊரில் எல்லோரும் லவ் பேர்ட்ஸ் என்றுதான் சொல்கிறோம். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவின் குட்டைவால் கிளிகள். பட்ஜியோ ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் மழையையும் புல் விதையையும் தேடிப் பெருங்கூட்டமாகத் திரிகிற பறவை. 1840இல் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அன்றிலிருந்து இன்றுவரை தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து கூண்டிலேயே வளர்ந்த இனம் அது. காட்டு பட்ஜி பச்சை உடம்பும் மஞ்சள் முகமுமாக, முதுகில் கறுப்பு வரிகளோடு புல்லோடு புல்லாக மறைந்துவிடும். நீலமும் வெள்ளையும் மனிதர்கள் வளர்த்துப் பெருக்கிய நிறங்கள். திருச்சி வெயிலில் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வானநீலப் பறவை ஒன்று உட்கார்ந்திருந்தால் அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற காகத்துக்கும் அது தெரியும்.

அது ஏன் உங்கள் குருவிகளோடு ஒட்டிக்கொண்டது என்பதைக் கவனியுங்கள். பட்ஜிக்குத் தனியாக இருக்கத் தெரியாது. கூட்டம் குனிந்தால் தானும் குனியும், கூட்டம் எழும்பினால் தானும் எழும்பும். தன் இனம் கிடைக்காததால், விதை தின்கிற பறவைக் கூட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டது. நான்கு நாள் உயிரோடு இருந்ததற்குக் காரணமே உங்கள் சிட்டுக்குருவிகள்தான். சாப்பாடு எங்கே என்பதையும், எப்போது ஓட வேண்டும் என்பதையும் அவைதான் காட்டிக்கொடுக்கின்றன. ஆனால் குருவி ஓடி ஒளியும் சந்து பொந்தெல்லாம் இதற்குத் தெரியாது. குருவிகள் வேலிச்செடிக்குள் பாயும்போது இது கொஞ்சம் தாமதித்து வெட்டவெளியில் எழும்பும். வல்லூறுக்கு அந்த ஒரு நொடி போதும்.

அதனால் இந்த இரண்டு நாளும் மாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள். மகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரு நோட்டும் பேனாவும் கொடுங்கள். எத்தனை மணிக்கு வருகிறது? எந்தத் திசையிலிருந்து வருகிறது? குருவிகளுக்கு முன்பா, பின்பா? எந்தக் கிண்ணத்தில் முதலில் வாய் வைக்கிறது? மாலையில் கடைசியாக எந்த மரத்துக்குப் போகிறது? பெரும்பாலும் விடிந்து ஒரு மணி நேரத்துக்குள்ளும், வெயில் தாழ்ந்த பிறகும் வரும். கூடவே மற்ற பறவைகளின் சத்தத்தையும் கேளுங்கள். தவிட்டுக்குருவிக் கூட்டம் திடீரென்று ஒன்றாகக் கத்தினாலோ, அணில் நிறுத்தாமல் கீச்சிட்டாலோ, வல்லூறோ பூனையோ பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் கூண்டை வைத்து இதை வெளியே இழுக்கக் கூடாது.

இதை வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் பக்கத்து வீட்டு முருங்கையில் காக்கட்டீல் என்ற கொண்டை வைத்த வளர்ப்புக் கிளி ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. கைக்கெட்டும் உயரம். நான் அவசரப்பட்டுப் போர்வையை வீசினேன். அது எழும்பிப் போனதுதான், மறுபடி அந்தத் தெருவிலேயே காணவில்லை. பத்து நிமிடம் பொறுத்து ஒரு கூண்டைக் கொண்டுவந்து வைத்திருந்தால் தானாகவே இறங்கியிருக்கும். இன்றைக்கும் அந்த முருங்கையைப் பார்த்தால் மனசு வலிக்கிறது.

சரி, பிடிப்பது எப்படி? ஒரு கூண்டு இரவல் வாங்குங்கள், கதவு மேலிருந்து கீழே சறுக்கி மூடுகிற வகையாக இருந்தால் நல்லது. குருவிகளுக்குத் தீனி வைக்கிற அதே இடத்தில், நிழலில் வையுங்கள். கதவை மேலே தூக்கி நீளமான நைலான் நூலில் கட்டி, நூலின் மறுமுனையை நீங்கள் உட்காரும் இடம்வரை கொண்டுவாருங்கள். பறவைக் கடையில் தினைக் கதிர் கிடைக்கும். விதை உதிர்க்காத முழுக் கதிர். கூண்டில் வளர்ந்த பட்ஜி அதைக் கண்டால் விடாது. முதல் நாள் கதிரைக் கூண்டுக்கு மேலே வையுங்கள், மறுநாள் வாசலில், அதற்கடுத்த நாள் உள்ளே ஆழமாக. மற்ற இடங்களில் போடும் தீனியைப் பாதியாகக் குறையுங்கள். தண்ணீரை மட்டும் எங்கேயும் குறைக்காதீர்கள். பட்ஜி முழுதாக உள்ளே போய், வாலும் கதவைத் தாண்டி, கதிரை உரிக்கத் தொடங்கிய பிறகு நூலை விடுங்கள். சிட்டுக்குருவி உள்ளே மாட்டிக்கொண்டால் உடனே திறந்து விட்டுவிடுங்கள், அன்றைக்கு முயற்சி போதும்.

இதைவிட வேகமான வழியும் ஒன்று உண்டு. தெரிந்தவர் யாரிடமாவது பட்ஜி இருந்தால், ஒன்றை அதன் கூண்டோடு கொண்டுவந்து திறந்த கூண்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். தன் இனத்தின் குரல் கேட்டால் உங்கள் நீலப் பறவை மணிக்கணக்கில் அந்தக் கம்பியை விட்டு நகராது. ஆனால் இரவல் பறவையை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். காகம் கம்பிக்குள் அலகை விட்டுக் காலைக் கடித்து இழுக்கும். பசை, வலை, தண்ணீர்க் குழாயால் பீய்ச்சி நனைப்பது எதுவும் வேண்டாம். நனைந்த பறவை பறக்க முடியாமல் காகத்தின் வாயில்தான் விழும். இருட்டில் ஏணி போட்டுக் கைப்பிடிச் சுவரில் ஏறவும் வேண்டாம், உங்கள் உயிரும் முக்கியம்.

ஒருவேளை அது வீட்டுக்குள்ளேயே பறந்து வந்துவிட்டால், முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். பிறகு ஜன்னலை மூடித் திரையை இழுங்கள், இல்லையென்றால் கண்ணாடியில் மோதிவிடும். தண்ணீர் வாளியை மூடுங்கள். அறையை இருட்டாக்கினால் பட்ஜி எங்காவது உட்கார்ந்துவிடும். மெல்லிய துண்டைப் போட்டு மெதுவாக எடுக்கலாம். கையில் பிடிக்கும்போது கழுத்தின் இரு பக்கமும் விரலால் லேசாக அணைத்து, உடம்பை உள்ளங்கையில் தளர்வாக விடுங்கள். மார்பை மட்டும் அழுத்தவே கூடாது. நமக்கு இருப்பதுபோல் பறவைக்கு உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. கடித்துவிடுமோ என்று பயந்து இறுக்கிப் பிடித்ததில் மூச்சு நின்றுபோன பறவைகள் உண்டு.

கைக்கு வந்ததும் மார்பின் நடுவில் ஓடும் எலும்பை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். இரு பக்கமும் சதை நிரம்பி, எலும்பு லேசாகத் தட்டுப்பட்டால் சரி. கத்தி முனைபோல் துருத்தினால் அது பட்டினி கிடந்திருக்கிறது. சமையலறை டிஜிட்டல் தராசு இருந்தால் ஒரு சின்ன டப்பாவில் போட்டு எடை பாருங்கள். சாதாரணமாக 30 முதல் 40 கிராம் இருக்கும். தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதி வையுங்கள். நோய் வந்தால் பறவை முடிந்தவரை மறைக்கும், எடை மறைக்காது.

முதல் நாள் முழுக்க அமைதி தேவை. கூண்டின் மூன்று பக்கத்தைத் துணியால் மூடி, கண் உயரத்தில், ஒரு பக்கம் சுவரோடு சேர்த்து வையுங்கள். சமையலறையில் வைக்காதீர்கள். நான்ஸ்டிக் சட்டி அதிகம் சூடானால் வரும் புகை பறவையை நிமிடங்களில் கொல்லும். கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகையும் அந்த அறைக்குள் வரக் கூடாது. தண்ணீரைக் கிண்ணத்தில் வையுங்கள், வாயில் ஊற்றாதீர்கள். நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழாயின் வாய் இருக்கிறது, தண்ணீர் நேரே அங்கே போய்விடும். பாலில் நனைத்த ரொட்டி, உப்புப் போட்ட சோறு, சாக்லேட், காபி, வெண்ணெய்ப்பழம் கொடுக்க வேண்டாம். தினையும் சாமையும் கலந்து கொடுங்கள். இரண்டு நாள் கழித்து நன்றாகக் கழுவிய முருங்கைக்கீரை, கொத்தமல்லித் தழை. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கொடுப்பார்கள், ஒரு துண்டைக் கம்பியில் கட்டுங்கள். அலகைத் தேய்த்துக்கொள்ளும், சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும்.

தீனிக் கிண்ணத்தில் ஏமாறாதீர்கள். பட்ஜி தினையை உரித்து, பருப்பைத் தின்றுவிட்டு, உமியை அதே கிண்ணத்தில் போட்டுவிடும். பார்த்தால் கிண்ணம் நிறைய இருப்பதுபோல் தெரியும். நன்றாக வளர்க்கிற வீட்டிலேயே இப்படிப் பட்டினி கிடந்த பறவையைப் பார்த்திருக்கிறேன். காலையும் மாலையும் மேலாக ஊதிவிட்டு, அடியில் மணி இருக்கிறதா என்று பாருங்கள்.

இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தாலோ, மூச்சுக்கு மூச்சு வால் ஆடினாலோ, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாலோ காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பறவைகளைப் பார்த்துப் பழகியவரா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கிளி இனங்களிடமிருந்து மனிதர்களுக்குத் தொற்றுகிற சிட்டகோசிஸ் என்ற நோய் ஒன்று உண்டு. காய்ந்த எச்சத்தின் தூசி மூச்சில் போனால் வரும். கூண்டின் அடியில் விரித்த காகிதத்தை ஈரமாக்கிய பிறகே எடுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், புதிதாகப் பறவை வந்திருக்கிறது என்பதை மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள். வேறு கூண்டுப் பறவைகள் இருந்தால் 30 நாளாவது தனி அறையில் வையுங்கள்.

அடுத்தது, சொந்தக்காரரைத் தேடுவது. யாரோ ஒரு குழந்தை இந்த நான்கு நாளும் அழுதுகொண்டிருக்கலாம். காலில் வளையம் இருக்கிறதா பாருங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தெரு வாட்ஸ்அப் குழு, பக்கத்துப் பறவைக் கடைகள், கால்நடை மருத்துவமனை எல்லா இடத்திலும் சொல்லி வையுங்கள். ஆனால் "நீல நிறப் பறவை கிடைத்திருக்கிறது" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வளைய எண்ணையோ, ஏதாவது ஓர் அடையாளத்தையோ வெளியில் விடாதீர்கள், பழைய போட்டோவும் கேளுங்கள். உண்மையான சொந்தக்காரர் உடனே காட்டுவார். யாரும் வரவில்லை என்றால் நீங்களே வளர்க்கலாம். பட்ஜிக்குச் சட்டத் தடை இல்லை. வளர்ந்த பறவைக்கு மூக்கு அப்படி நல்ல நீலமாக இருந்தால் ஆண், அதனால் முட்டைக் கவலை இல்லை. தனிமைக்காலம் முடிந்ததும் ஒரு துணை வாங்கிக் கொடுங்கள். இல்லையென்றால், பெரிய கூண்டில் கூட்டமாக வளர்ப்பவரிடம் கொடுங்கள்.

இதே மாடியில் நாளைக்கு ஒரு பச்சைக்கிளி வந்து மனிதர் தோளில் உட்காரப் பார்த்தால் கதை வேறு. அதுவும் யாரோ வளர்த்துத் தப்பித்ததாக இருக்கலாம். ஆனால் அது இந்த மண்ணின் பறவை. வன உயிரின (பாதுகாப்பு) சட்டம், 1972இன்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 2022இல் வந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து அதை இரண்டாம் அட்டவணையில் வைத்திருக்கிறது. இறக்கை வெட்டப்பட்டோ காயம்பட்டோ இருந்தால் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறையிடம் ஒப்படையுங்கள். முனியா என்கிற சில்லைக் குருவிக்கும் மைனாவுக்கும் இதே பேச்சுதான். கோடையில் தரையில் தத்தித் திரியும் மைனாக் குஞ்சும் கொண்டைக்குருவிக் குஞ்சும் தப்பித்த பறவைகள் அல்ல, பறக்கப் பழகுகின்றன. பக்கத்துக் கிளையில் தூக்கி வைத்துவிட்டு விலகி நின்றால் தாய் வந்துவிடும்.

குருவிகளின் கிண்ணத்தை மறந்துவிடாதீர்கள். கூண்டுப் பறவையின் நோய் குருவிக்கும், குருவியின் நோய் அதற்கும் போகலாம். பட்ஜியைப் பிடித்த அன்றே எல்லாக் கிண்ணங்களையும் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு கல் போடுங்கள். கூண்டுக் கதவு விழுந்த சத்தத்தில் குருவிகள் ஓரிரு நாள் வராமல் இருக்கும். கூண்டை எடுத்துவிட்டு, அதே நேரத்தில் அதே இடத்தில் கம்பைப் போடுங்கள். முதலில் ஓர் ஆண் குருவி சுவரில் வந்து உட்கார்ந்து வெகுநேரம் பார்க்கும். அது இறங்கினால் மற்றவையும் பின்னாலேயே இறங்கிவிடும்.