சுவரில் தொங்கும் பழைய அச்சுப் படங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கிளிநொச்சி வாசகி: இடப்பெயர்வுகளிலும் அம்மம்மா கைவிடாமல் கொண்டு திரிந்த லட்சுமி படத்தின் கண்ணாடி வெடித்துவிட்டது. கழற்றினால் கடதாசியும் சேர்ந்து வருகிறது. இது ரவி வர்மாவின் படமா?

தயவுசெய்து மேற்கொண்டு இழுக்க வேண்டாம். பல மாரிகளின் ஈரத்தில் படத்தின் வார்னிஷ் கண்ணாடியோடு ஒட்டியிருக்கக்கூடும். பலவந்தமாகப் பிரித்தால் லட்சுமியின் முகம் கண்ணாடியில் தங்கிவிட, வெறும் கடதாசியே உங்கள் கையில் மிஞ்சும். தண்ணீரும் சூடும் காட்டாமல், ஒட்டிய துண்டுகளை அப்படியே விட்டு, படத்தை நிமிர்த்திக் கிடத்தி, ஆழமான புதிய சட்டத்துக்குள் வைத்து, முன்னால் சற்று இடைவெளி விட்டு வேறொரு கண்ணாடி போடச் சொல்லுங்கள். வெடிப்பு தெரியும், அது அந்தப் படம் நடந்து வந்த வழியின் அடையாளம் என்பதால் மறைக்க வேண்டியதில்லை என்றே நான் கருதுகிறேன்.

ரவி வர்மா 1894 இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தில், ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டார்கள். அவருடைய லட்சுமியைப் பிற அச்சகங்களும் பின்பற்றின. ஆகவே உருவத்தை வைத்து முடிவு செய்யாமல், கீழ் ஓரத்தில் அச்சகத்தின் பெயர் உண்டா என்று பாருங்கள். சட்டம் போடுபவர்கள் அந்த ஓரத்தை வெட்டிவிடுவது வழக்கம். இம்முறை ஒரு நூலளவும் வெட்ட விடாதீர்கள்.

வவுனியா வாசகர்: ஒல்லாந்துப் பாதிரியார் பால்டேயஸின் 1672 ஆம் ஆண்டு நூலில் இருந்த யாழ்ப்பாணப் படம் என்று ஒன்றை விற்கிறார்கள். அசலா?

அந்த நூல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. படங்கள் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்டவை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் நிறப் புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால நகல். அசலில் கோடுகள் முழுமையாக ஓடும். தகடு அழுந்திய பள்ளம் படத்தைச் சுற்றித் தெரியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கடதாசியில் வரிவரியான கோடுகள் தென்படும். வரவேற்பறைக்கு அழகுதான் நோக்கம் என்றால் நல்ல நகலே போதும், ஆனால் நகலின் விலையையே கொடுங்கள்.

முல்லைத்தீவு வாசகர்: மாரி முடிந்ததும் படங்களின் பின்மட்டையில் கறையான் ஏறியிருக்கிறது.

மழைச்சாரல் படும் வெளிச்சுவரிலிருந்து உட்சுவருக்கு மாற்றுங்கள். சட்டத்தின் பின் கீழ்மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்றோடும். அரிபட்ட மட்டையை அகற்றி, அமிலமற்ற மட்டை வையுங்கள். செலோரேப் படத்தில் படவே கூடாது.